பழைய கேமரா வாங்கும் முன்



பத்து ஆண்டுகளுக்கு முன்பெல்லாம் நம் அறக்கட்டளையில் கர்ளன் ஹஸனா, அதாவது வட்டியில்லாக் கடன், கேட்டு வரும் விண்ணப்பங்களில் தையல் மெஷின், தள்ளுவண்டி, பிரியாணி அண்டா, லோடு ஆட்டோவுக்கு முன்பணம் என்றுதான் எழுதியிருக்கும். இப்போது கேமராவுக்கும் வருகிறது. பாலக்கரையில் நடக்கும் நிக்காஹ் முதல் ஸ்ரீரங்கத்தில் நடக்கும் அறுபதாம் கல்யாணம் வரை எந்த விசேஷமும் போட்டோ, வீடியோ இல்லாமல் நடப்பதில்லை. நம் மஹல்லா பிள்ளைகள் பலர் கல்லூரியில் படிக்கும்போதே ஒரு போட்டோகிராபரிடம் உதவியாளராகச் சேர்ந்து, லைட் பிடித்து, பை தூக்கித் தொழிலைக் கற்றுக்கொள்கிறார்கள். ஹலாலான வருமானம், கைத்தொழில். (மணமக்களை முக்கொம்பில் ஓடவிட்டுப் படமெடுப்பது பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. அது வேறு கட்டுரை.)

சொந்தமாகத் தொழில் செய்யச் சொந்தக் கேமரா வேண்டும். கல்யாண வேலைக்கு ஏற்ற கேமராவும் நல்ல லென்ஸும் புதிதாக வாங்கினால் 2 லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும். அதனால் பிள்ளைகள் பழையதைத் தேடுகிறார்கள். அதில் தவறே இல்லை. நல்ல கேமராவை ஒருவர் நான்கு வருடம் உபயோகித்து விற்றால், வாங்குபவர் இன்னும் நான்கு வருடம் சம்பாதிக்கலாம். ஆனால் தேடும் இடம் செல்போன். விற்பவர் யார், எங்கே இருக்கிறார், பொருள் உண்மையிலேயே இருக்கிறதா என்பது எதுவும் தெரியாமல் பணம் போய்விடுகிறது.

நம் மஹல்லாவில் நடந்த ஒன்றை, சம்பந்தப்பட்ட தம்பியின் அனுமதியோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். அவருக்கு வயது 22. அத்தா இல்லை. அம்மா வளையலை விற்றுக் கொடுத்த காசும், தான் சேர்த்ததுமாக 60,000 ரூபாய் வைத்திருந்தார். பழைய பொருட்களை விற்கும் ஓர் இணையத் தளத்தில் சோனி கேமரா ஒன்று, லென்ஸோடு 62,000 ரூபாய் என்று விளம்பரம் வந்தது. சந்தை விலையில் பாதிதான் இருக்கும். இடம் திருச்சி விமான நிலையம் என்று போட்டிருந்தது. விற்பவர் தான் விமான நிலையத்தில் சி.ஐ.எஸ்.எப். பாதுகாப்புப் பணியில் இருப்பதாகவும், ஜம்முவுக்கு மாற்றலாகிவிட்டதால் அவசரமாக விற்பதாகவும் சொன்னார். சீருடையில் எடுத்த படம், அடையாள அட்டை, கேண்டீன் கார்டு எல்லாம் வாட்ஸப்பில் வந்தன. தம்பி நேரில் வந்து பார்க்கிறேன் என்றதற்கு, பாதுகாப்பு வளாகத்துக்குள் வெளியாரை விடமாட்டார்கள், ராணுவ பார்சல் வண்டி வீட்டுக்கே கொண்டுவந்து தரும், பொருளைப் பார்த்த பிறகு பணம் கொடுத்தால் போதும், இப்போது பார்சல் கட்டணம் 2,150 ரூபாய் மட்டும் அனுப்புங்கள் என்று பதில் வந்தது.

2,150 ரூபாய்தானே என்று அனுப்பினார். சிறிது நேரத்தில் பார்சல் கட்டிய படமும் ரசீதும் வந்தன. பிறகு ஜி.எஸ்.டி. என்று 8,500, பொருள் கையில் கிடைத்ததும் திருப்பித் தரப்படும் என்றார்கள். அடுத்து வேறொரு குரல், பார்சல் வண்டியின் டிரைவர் என்று. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் அருகே வந்துவிட்டேன், இன்சூரன்ஸ் கட்டாததால் கம்ப்யூட்டர் பில் வெளியே வரவில்லை, 12,999 போடுங்கள் என்றார். அதையும் போட்டார். பிறகு, தொகையைத் தப்பாகப் பிரித்து அனுப்பிவிட்டீர்கள், கணக்கு நேராக இன்னும் 14,350 அனுப்பினால் எல்லாம் சேர்ந்து திரும்பி வந்துவிடும் என்றார்கள். மொத்தம் 37,999 ரூபாய். மதியம் லுஹருக்கும் அஸருக்கும் இடையில் எல்லாம் முடிந்துவிட்டது.

இதைக் கேள்விப்பட்ட பெரியவர்கள் சிலர், "பேராசை, வேறென்ன" என்றார்கள். அப்படிச் சொல்லிவிடுவது எளிது. முதல் 2,150 ரூபாயில் வேண்டுமானால் ஆசை இருந்திருக்கலாம். அடுத்த மூன்று முறையும் அவரைப் பணம் அனுப்ப வைத்தது, ஏற்கெனவே அனுப்பியது போய்விடுமே என்ற பயம். இந்த மோசடிக்காரர்களின் தொழில் ரகசியமே அதுதான். முதலில் சிறிய தொகை, பிறகு அதை மீட்பதற்காக அதைவிடப் பெரியது. ஒவ்வொன்றும் "திரும்பக் கிடைக்கும்" என்ற பெயரில்தான் வரும். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் இதில் இல்லை.

ராணுவ வீரர், சி.ஐ.எஸ்.எப். வீரர் என்ற வேடம் இந்தியா முழுவதும் பல வருடங்களாக ஓடும் நாடகம். சீருடையை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது ஒன்று. முகாமுக்குள் போய்ப் பார்க்க முடியாது என்பது இன்னொன்று. காட்டப்படும் அடையாள அட்டை பெரும்பாலும் முன்பு இதேபோல் ஏமாற்றப்பட்ட யாரோ ஒரு உண்மையான வீரருடையதாகவோ போலியாகவோ இருக்கும். ராணுவம் பொதுமக்களின் பழைய கேமராவைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பார்சல் சேவை எதையும் நடத்தவில்லை. 2023 ஏப்ரல் இறுதியில் ஹரியானா மாநிலம் நூஹ் மாவட்டத்தில் சுமார் 5,000 போலீசார் 14 கிராமங்களில் ஒரே இரவில் சோதனை நடத்தினார்கள். இணையத்தில் வண்டி, செல்போன் விற்பதாகப் பொய் விளம்பரம் போடுவது அங்கே பிடிபட்டவர்களின் வேலைகளில் ஒன்று. நாடு முழுவதும் சுமார் 28,000 பேரிடம் 100 கோடி ரூபாய்க்கு மேல் பறிக்கப்பட்டதாகப் பிறகு போலீசார் அறிவித்தார்கள். அந்த மாவட்டத்தில் விவசாயமும் கூலி வேலையும் செய்து பிழைக்கும் லட்சக்கணக்கான ஏழை மக்கள், சிலர் செய்ததற்குப் பழி சுமக்கிறார்கள் என்பதையும் நினைக்க வேண்டும். ஆகவே "திருச்சி" என்று விளம்பரத்தில் போட்டிருப்பதால் ஆள் திருச்சியில் இருக்கிறார் என்று அர்த்தமில்லை.

வரிசை மாறக் கூடாது

மதரஸாவில் குதூரி ஓதிய காலத்தில் கிதாபுல் புயூஃ, அதாவது வியாபாரப் பாடம், எங்களுக்கு அலுப்பாக இருக்கும். தண்ணீரில் இருக்கும் மீனை விற்கக் கூடாது, ஆகாயத்தில் பறக்கும் பறவையை விற்கக் கூடாது என்று உஸ்தாத் சொல்லும்போது, இதை யார் வாங்கப் போகிறார்கள் என்று நாங்கள் சிரித்ததுண்டு. இன்று வாட்ஸப்பில் படமாக மட்டும் இருக்கும் கேமராவுக்குப் பிள்ளைகள் பணம் அனுப்பும்போது அந்தப் பாடம் நினைவுக்கு வருகிறது. கொள்ளிடத்தில் நீந்தும் மீனுக்கு விலை பேசுவதும் இதுவும் ஒன்றுதான். பொருள் இருக்கிறதா, விற்பவர் அதை ஒப்படைக்கக் கூடியவரா என்பது தெரியாத நிலையைத்தான் மார்க்க அறிஞர்கள் ஃகரர் என்று சொல்லி விலக்கினார்கள். ஹனஃபி மத்ஹபில், பார்க்காமல் வாங்கிய பொருளைப் பார்த்தபின் வேண்டாமென்று சொல்லும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. "அட்வான்ஸ் கொடுங்கள், வாங்காவிட்டால் அது எனக்கு" என்ற பேச்சையும் ஹனஃபி உட்பட மூன்று மத்ஹபுகள் ஏற்கவில்லை. ஹன்பலி மத்ஹபில் மட்டும் அனுமதி உண்டு.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு வரிசை கிடைக்கிறது. முதலில் பொருளைக் கண்ணால் பார்ப்பது. பிறகு சோதிப்பது. பிறகு கையில் வாங்குவது. பணம் கடைசி. கேமரா மோசடி எத்தனை வேடத்தில் வந்தாலும் அதன் நோக்கம் ஒன்றுதான்: பணத்தை இந்த வரிசையில் முன்னால் கொண்டுவர வேண்டும். பார்சல் கட்டணம், டோக்கன் அட்வான்ஸ், "இன்னொருவர் கேட்கிறார், ஆயிரம் ரூபாய் போட்டால் உங்களுக்கு எடுத்து வைக்கிறேன்", கஸ்டம்ஸ் கட்டணம் என்று எந்தப் பெயரில் வந்தாலும், பொருளைப் பார்க்கும் முன் கேட்கப்படும் எந்தத் தொகையும், அது பத்து ரூபாயாக இருந்தாலும், அந்தப் பேச்சை முடித்துக்கொள்ள வேண்டிய இடம்.

வீட்டுக்கு வந்ததும் பணம் கொடுத்தால் போதும் என்ற முறையாவது பத்திரமா என்று கேட்கிறார்கள். முகம் தெரியாத தனி ஆள் அனுப்பும் பார்சலுக்கு அதுவும் பத்திரமில்லை. பணத்தைக் கொடுத்தால்தான் பெட்டியைப் பிரிக்க விடுவார்கள் என்றால், பிரித்த பிறகு உள்ளே செங்கல் இருந்தாலும் கொண்டுவந்தவர் போயிருப்பார். என் வயதுக்காரர்களுக்கு வி.பி.பி. பார்சல் நினைவிருக்கும். பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து எழுதிப் போட்டு, தபால்காரரிடம் பணத்தைக் கட்டிப் பெட்டியைத் திறந்து பார்த்துத் தலையில் கை வைத்தவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள்.

நல்ல பொருள் சென்னையில்தான் கிடைக்கிறது என்றால் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஓர் இரவு ஏறிப் போய்ப் பார்த்து வாங்கி வாருங்கள். லட்ச ரூபாய்ப் பொருளுக்கு டிக்கெட் செலவு பெரிதல்ல. டில்லியில், கல்கத்தாவில் இருக்கிறது, மிக மலிவு என்றால் அந்த மலிவு நமக்கு எழுதப்படவில்லை என்று விட்டுவிட வேண்டியதுதான்.

போகும் முன் வீட்டிலிருந்தே சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ளலாம். விளம்பரத்தில் உள்ள படத்தைக் கூகுள் லென்ஸில் தேடினால், அதே படம் வேறு ஊரில் வேறு பெயரில் இருப்பது பல சமயம் தெரிந்துவிடும். கேமராவின் அடிப்பக்கத்தில் உள்ள சீரியல் நம்பரை, பக்கத்தில் உங்கள் பெயரும் இன்றைய தேதியும் எழுதிய காகிதத்தை வைத்து வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். உண்மையான விற்பனையாளருக்கு இரண்டு நிமிட வேலை. மற்றவர் நெட் சரியில்லை என்பார். வீடியோவில் காட்டிவிட்டார் என்பதற்காகவும் பணம் அனுப்ப வேண்டாம். நேரில் போய்ப் பார்க்கலாம் என்பதற்கு மட்டுமே அது அனுமதி.

பார்க்கும்போது எதைப் பார்ப்பது

ஸ்ரீரங்கத்தில் பிலிம் காலத்திலிருந்து ஸ்டுடியோ வைத்திருந்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. கேமரா வாங்க வரும் நம் பிள்ளைகளை அவரிடம் அனுப்புவது வழக்கம். அவர் கேமராவைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது ஸ்க்ரூவை. "பாய், ஸ்க்ரூ தலையில கீறல் இருந்தா யாரோ பிரிச்சிருக்காங்க. ஏன் பிரிச்சீங்கன்னு கேளுங்க, அப்புறம் மத்ததைப் பேசலாம்" என்பார். அவரிடம் கேட்டு அறிந்ததையும், தொழில் செய்யும் பிள்ளைகள் சொன்னதையும் வைத்தே இந்தப் பகுதியை எழுதுகிறேன்.

வண்டிக்குக் கிலோமீட்டர் போலக் கேமராவுக்கு ஷட்டர் கவுண்ட் என்று ஒரு கணக்கு உண்டு. இதுவரை எத்தனை தடவை ஷட்டர் திறந்து மூடியிருக்கிறது என்பதுதான் அது. நிக்கான் டி850, சோனி ஏ7 III போன்றவற்றுக்கு 2 லட்சம் தடவை, கேனன் 5டி மார்க் IV-க்கு 1.5 லட்சம் தடவை என்று கம்பெனிகளே ஒரு கணக்குச் சொல்கின்றன. ஒரு கல்யாணத்துக்கு 3,000 படம் எடுப்பவர் 50 கல்யாணத்தில் 1.5 லட்சத்தைத் தொட்டுவிடுவார். அதைத் தாண்டியதும் கேமரா நின்றுவிடாது. ஆனால் ஷட்டர் மாற்றும் செலவு எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று கணக்குப் போட்டே விலை பேச வேண்டும். நிக்கான், சோனி கேமராக்களில் அப்போதே எடுத்த அசல் படக் கோப்பிலிருந்து இந்த எண்ணைப் பெரும்பாலும் தெரிந்துகொள்ளலாம். கேனனில் பல மாடல்களுக்குக் கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரில் இணைத்தோ சர்வீஸ் சென்டரிலோதான் பார்க்க முடியும். விற்பவர் வாட்ஸப்பில் படமாக அனுப்பும் கோப்பு இதற்கு உதவாது. வாட்ஸப் அந்தத் தகவல்களை நீக்கிவிடும்.

லென்ஸுக்கு எதிரி ஈரம். மழைக்காலத்தில் பீரோவில் பூட்டி வைத்த லென்ஸின் உட்புறக் கண்ணாடியில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படரும். ஸ்டுடியோக்காரர்கள் பங்கஸ் என்பார்கள். வெளியிலிருந்து சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. லென்ஸைக் கழற்றி, செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் பிடித்து, மறுபக்கத்திலிருந்து சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். தூசி நான்கைந்து இருந்தால் பரவாயில்லை. வலை போல நரம்பு ஓடினாலோ, கண்ணாடி பால் கலந்த மாதிரி மங்கலாக இருந்தாலோ அந்த லென்ஸ் வேண்டாம்; சுத்தம் செய்தாலும் சில சமயம் தழும்பு நிற்கும்.

சென்சார் என்பது கேமராவின் கண். கல்யாண மண்டபங்களிலும் டி.ஜே. நிகழ்ச்சிகளிலும் அடிக்கும் லேசர் விளக்கு நேராகச் சென்சாரில் பட்டால் அந்த இடம் வெந்துபோகும்; பிறகு எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் புள்ளியோ கோடோ வரும். விசேஷ வேலைக்குப் போன கேமராவில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். லென்ஸ் மூடியை மாட்டியபடியே சில விநாடி நீளும் படம் ஒன்று எடுங்கள். கருப்பாக வர வேண்டும். வண்ணக் கோடு இருந்தால் தெரிந்துவிடும். பிறகு வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எஃப் 16-இல் வைத்து ஒரு படம். தூசி இருந்தால் அதில் தெரியும். இரண்டு படத்தையும் கேமரா திரையில் பெரிதாக்கி மூலை மூலையாகப் பாருங்கள். பத்து நிமிடம் வீடியோ எடுத்துப் பாருங்கள். மெமரி கார்டு போடும் இடம், பேட்டரி மூடி, மைக் சொருகும் துளை எல்லாவற்றையும் போட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். உங்கள் மெமரி கார்டையும் சார்ஜ் ஏற்றிய ஒரு பேட்டரியையும் நீங்களே கொண்டுபோவது நல்லது.

இவ்வளவும் நமக்கு எங்கே தெரியும் என்று நினைப்பவர்கள், தெரிந்த ஸ்டுடியோவிலோ ரிப்பேர் கடையிலோ வைத்துச் சந்திப்பதாகச் சொல்லுங்கள். பகல் நேரம், ஆள் நடமாட்டமுள்ள இடம், கூட ஒருவர். சோதித்துச் சொல்பவர் கேட்கும் கூலியைத் தயங்காமல் கொடுங்கள். ஸ்டுடியோவுக்கெல்லாம் வர முடியாது, கொள்ளிடம் பாலத்துப் பக்கம் ராத்திரி வாருங்கள் என்பவரிடம் போக வேண்டாம்.

பொருள் அவருடையதுதானா

கேமரா நன்றாக இருக்கிறது, விலையும் மலிவு. ஆனால் அது திருட்டுப் பொருள் என்றால்? பிள்ளைகள் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. வாடகைக்குக் கேமரா எடுத்துக்கொண்டுபோய் விற்றுவிடுவது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த மோசடி. 2024 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த ஓர் இளம் போட்டோகிராபரைக் கல்யாண வேலை இருக்கிறது என்று கூப்பிட்டு, அவரிடமிருந்த சுமார் 15 லட்சம் ரூபாய் மதிப்புள்ள கேமரா சாமான்களுக்காகக் கொன்று, கோனசீமா மாவட்டத்தில் புதைத்துவிட்டார்கள். நம் பிள்ளைகளைப் போலவே கல்யாணத்துக்குப் படமெடுத்துச் சம்பாதித்த பிள்ளை அவர். யாருடைய கேமரா, எப்படி விற்பனைக்கு வந்தது என்று கேட்காமல் மலிவைப் பார்த்து வாங்கும் ஆள் இருப்பதால்தான் இப்படிப் பறித்த பொருளுக்கும் சந்தை இருக்கிறது.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. திருடியவருக்கு அந்தப் பொருளில் உரிமை இல்லாததால், அவரிடம் காசு கொடுத்து வாங்கியவருக்கும் உரிமை வருவதில்லை. உண்மையான சொந்தக்காரர் வந்தால் கொடுக்க வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் நேர்மையற்று வாங்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு. மார்க்கத்திலும் தெரிந்து வாங்கினால் பாவத்தில் பங்குதான்.

எனவே பில் கேளுங்கள். பில்லில் உள்ள பெயர், விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயர், யு.பி.ஐ.யில் பணம் அனுப்பும் முன் திரையில் தெரியும் பெயர் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பில்லிலும் பெட்டியிலும் உள்ள சீரியல் நம்பர் கேமராவில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். அந்த எண் சுரண்டப்பட்டிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பில் தொலைந்துவிட்டது என்பவர் எல்லாரும் திருடர் அல்லர். வாங்கிய கடையில் நகல் கேட்டு வாங்கித் தர அவருக்கு இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள். வாங்கியதும் ஒரு காகிதத்தில் மாடல், சீரியல் நம்பர், தொகை, தேதி எழுதி இருவரும் கையெழுத்திட்டு, சாட்சியாக ஒருவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கடனை எழுதிவைக்கவும், வியாபாரத்துக்குச் சாட்சி வைத்துக்கொள்ளவும் குர்ஆன் சொல்கிறது; குர்ஆனிலேயே மிக நீளமான ஆயத் இதைப் பற்றியதுதான். பணத்தைக் கையில் கொடுப்பதைவிட வங்கி வழியாகக் கொடுத்தால் தடயம் இருக்கும்.

சிங்கப்பூர், மலேசியா, துபாயிலிருந்து வந்த "குருவி" சாமான் நம் ஊரில் எப்போதும் உண்டு. அங்கே விற்ற கேமராவுக்கு இங்கே கம்பெனி வாரண்டி பெரும்பாலும் செல்லாது. அதைக் குறைத்தே விலை பேச வேண்டும். கஸ்டம்ஸில் பிடித்த பொருள் ஏலத்தில் எடுத்தது என்று வாட்ஸப்பில் வருவதை நம்பவே வேண்டாம். சிங்கப்பூர் என்றால் எல்லாம் சுத்தம் என்று எண்ணி, அங்கிருக்கும் மாமாவிடமோ மச்சானிடமோ சொல்லி அனுப்புபவர்களும் கவனிக்க வேண்டும். 2014-இல் சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்கொயரில் ஒரு கடையில், வியட்நாமிலிருந்து வந்த ஒரு சாதாரணத் தொழிலாளி செல்போன் வாங்கப் போய், வாரண்டி என்ற பெயரில் கூடுதலாகக் கேட்டதற்கு எதிராகத் தரையில் மண்டியிட்டு அழுது பணத்தைத் திருப்பிக் கேட்ட வீடியோ உலகம் முழுவதும் ஓடியது. அந்தக் கடைக்காரருக்கு அடுத்த வருடம் 33 மாதச் சிறை கிடைத்தது.

விற்பவர்களுக்கும்

நம் பிள்ளைகள் பழையதை விற்கவும் செய்கிறார்கள். வாங்குவதாகச் சொல்பவர் பேரம்கூடப் பேசாமல் கேட்ட விலைக்கு ஒப்புக்கொண்டு, பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள் என்றால் அது மோசடி. ஸ்கேன் செய்வதும் யு.பி.ஐ. பின் போடுவதும் நம் கணக்கிலிருந்து பணம் போவதற்கு. பணம் வருவதற்குப் பின் தேவையே இல்லை. வீட்டுப் பெண்களுக்கும் பெரியவர்களுக்கும் இந்த ஒன்றையாவது சொல்லிவையுங்கள். தனி நபர் ஒருவர் இன்னொருவருக்குப் "பணம் கொடு" என்று யு.பி.ஐ.யில் கோரிக்கை அனுப்பும் வசதி இப்படித் தவறாகப் பயன்படுத்தப்பட்டதால், 2025 அக்டோபர் 1 முதல் அது நிறுத்தப்பட்டுவிட்டது. கியூ.ஆர். கோடு தந்திரம் மட்டும் நிற்கவில்லை. பணம் அனுப்பியாகிவிட்டது என்று காட்டும் ஸ்க்ரீன்ஷாட்டும் இப்போது போலியாகத் தயாராகிறது. உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து இருப்பைப் பார்க்காமல் கேமராவைக் கையை விட்டு விடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லென்ஸில் பங்கஸ் இருப்பது தெரிந்தும் துடைத்துவிட்டு, "மின்ட் கண்டிஷன்" என்று விளம்பரம் போடும் பிள்ளைகள் நம் மஹல்லாவிலும் உண்டு என்று கேள்வி. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரமாக இருந்ததைக் கண்டித்த சம்பவத்தை மக்தபில் எல்லாரும் கேட்டிருக்கிறோம். டார்ச் அடித்துப் பார்ப்பதும் அதேதான். குறையைச் சொல்லி விற்றால் விலை குறையும், பரக்கத் குறையாது.

பணம் போய்விட்டால்

மேலே சொன்ன தம்பி நடந்ததை யாரிடமும் சொல்லாமல் பதினோரு நாள் இருந்தார். அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆவாரோ என்ற பயம். பன்னிரண்டாம் நாள் அவர் நம் அலுவலகத்துக்குக் கடன் கேட்டு வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் பணம் நாலைந்து கணக்கு மாறி எடுக்கப்பட்டுவிட்டது. புகார் கொடுத்தோம், இதுவரை ஒரு ரூபாயும் திரும்பவில்லை.

1930 என்ற எண்ணுக்கு உடனே அழைத்திருந்தால் ஒருவேளை வந்திருக்கும். இணைய வழிப் பண மோசடிக்கான தேசிய உதவி எண் அது. 2021-இல் வேறு எண்ணில் தொடங்கி, பிறகு 1930 ஆனது. பணம் போன வங்கி, எந்தக் கணக்குக்கு, எவ்வளவு, யு.பி.ஐ. பரிவர்த்தனையின் 12 இலக்க எண் ஆகியவற்றைச் சொன்னால், அந்தப் பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே நிறுத்திவைக்க வங்கிக்குத் தகவல் போகிறது. பணம் எடுக்கப்பட்ட பிறகு நிறுத்த ஒன்றுமிருக்காது என்பதால், இதில் மணிக்கணக்குதான் முக்கியம். அடுத்து சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரைப் பதிவு செய்ய வேண்டும். திருச்சி மாநகரத்துக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனி சைபர் கிரைம் காவல் நிலையங்கள் உண்டு. ஸ்ரீரங்கம் மாநகர எல்லைக்குள் வருகிறது. வாட்ஸப் பேச்சு, விளம்பரம், ரசீது எதையும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். சில நாள் கழித்து, "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று யாராவது அழைத்தால் அது அதே கூட்டத்தின் இரண்டாம் சுற்று.

பெற்றோர்களே, பிள்ளை வந்து சொன்னால் முதலில் 1930. திட்டுவதை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். திட்டுக்குப் பயந்து ஒளித்த ஒவ்வொரு மணி நேரமும் மோசடிக்காரனுக்குக் கிடைத்த அவகாசம். இனி நீ செல்போனில் எதையும் வாங்கவே கூடாது என்று தடைபோடுவதும் தீர்வாகாது. தொழிலே அதில்தான் நடக்கிறது. நபி (ஸல்) அவர்கள் காலத்தில் வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்துவந்த ஒருவரைப் பற்றி ஹதீஸ் நூல்களில் வருகிறது. அவரை வியாபாரம் செய்யவிடாமல் தடுக்குமாறு குடும்பத்தார் வந்து கேட்டார்கள். அவரோ, வியாபாரம் செய்யாமல் தன்னால் இருக்க முடியாது என்றார். நபி (ஸல்) அவர்கள் அவரை வீட்டில் முடக்கவில்லை. பேரம் பேசும்போதே, இதில் ஏமாற்று இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பேசும்படி கற்றுக்கொடுத்தார்கள். சில அறிவிப்புகளில், வாங்கியதைத் திருப்பித் தர மூன்று நாள் அவகாசமும் அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. இன்று நேர்மையாக விற்பவரிடம், "இரண்டு நாள் உபயோகித்துப் பார்க்கிறேன், மறைத்த குறை ஏதும் தெரிந்தால் திருப்பிக்கொள்வீர்களா" என்று கேட்டு அதையும் அந்தக் காகிதத்தில் எழுதிக்கொள்வதில் வெட்கம் எதுவுமில்லை.

நிர்வாகக் குழு எடுத்துள்ள முடிவையும் இங்கே தெரிவிக்கிறேன். கேமரா, கம்ப்யூட்டர் போன்ற பழைய பொருளுக்கான கர்ளன் ஹஸனா தொகை இனி விண்ணப்பதாரர் கையில் முன்கூட்டியே தரப்படாது. பொருளைப் பார்க்கும் இடத்துக்கு அறக்கட்டளை சார்பில் ஒருவரும், தொழில் தெரிந்த ஒருவரும் கூட வருவார்கள். சோதித்து, பில்லும் எழுத்தும் சரியான பிறகு அங்கேயே விற்பவரின் கணக்குக்குப் பணம் அனுப்பப்படும். தொழில் தெரிந்த நம் மஹல்லா போட்டோகிராபர்கள் நால்வர் இதற்கு ஊதியம் வாங்காமல் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்; அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக. கடன் வாங்காமல் சொந்தக் காசில் வாங்குபவர்களும் இவர்களைக் கூட அழைத்துப்போகலாம். அலுவலகம் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அஸரிலிருந்து மஃக்ரிப் வரை திறந்திருக்கும். பார்க்கப் போகும் கேமராவின் மாடல் பெயரையும் விற்பவர் சொன்ன விலையையும் இரண்டு நாள் முன்னதாகச் சொன்னால் ஆள் ஏற்பாடு செய்ய வசதியாக இருக்கும்.